தம்பிக்கு மட்டும்

பெட்டிக்காரர் ஊருக்குப் போய்த் திரும்புகிறார் என்றால் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் ஏழு வீட்டுக்கு மூக்கில் வேர்த்துவிடும். அவருக்கு வேலை என்னவோ ஒரு கிடங்கில் சாமான் அடுக்குவதுதான். பெயர் வந்தது வேறு காரணத்தால். வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போவார். போகும்போது தோளில் ஒரு பை. வரும்போது சினைமாடு மாதிரி வயிறு புடைத்த இரண்டு பெட்டிகள். ஒன்றில் அவர் வீட்டுச் சாமான், மற்றதில் ஊரார் சாமான். வீட்டுக்கு மூன்று கிலோ. அதற்கு மேல் கால் கிலோ ஏறினாலும் கொக்கித் தராசில் தொங்கவிட்டுக் காட்டி, "எதை எடுக்கட்டும், நீங்களே சொல்லுங்க" என்பார். பொடியை எடுப்பதா வற்றலை எடுப்பதா என்று தெரியாமல் அங்கே அம்மாக்கள் கண்கலங்கி நிற்பார்களாம்.

மூன்றாம் மாடி மூலை வீட்டுக்கு வரும் பொட்டலத்தை மட்டும் அவர் நிறுப்பதே இல்லை. "ஊர்ல அதைக் கட்டிக் குடுக்கிற அக்காவுக்குக் கையே தராசு. நான் வேற எதுக்கு நிறுக்கணும்?" என்பார்.

அந்த அக்கா ஒரு மாணவர் விடுதியில் முப்பது வருஷம் சமையல் செய்தவர். இருநூறு பிள்ளைகளுக்கு உப்பை அள்ளிப் போட்ட கை. அவர் கொடுத்துவிடும் பொட்டலத்தில் பொடி இருக்கும், வற்றல் இருக்கும். ஆனால் எல்லாரும் காத்திருப்பது எலுமிச்சை ஊறுகாய்க்குத்தான். அகலவாய் பிளாஸ்டிக் ஜாடி, மூடியைச் சுற்றி மெழுகு, மெழுகின் மேல் பாலித்தீன், அதன் மேல் பழைய வேட்டித் துணி. துணியை ஊசி நூலால் தைத்து முடித்த இடத்தில் ஒரு அட்டைத்துண்டு தொங்கும். பேனாவை அழுத்தி எழுதியிருப்பார்: 'தம்பிக்கு மட்டும்.'

தம்பிக்கு வயது ஐம்பத்தெட்டு. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். இந்த வெளிநாட்டுக்கு வந்து இருபத்தேழு வருஷம். நாலு வயதில் தாயை இழந்தவரை எடுத்து வளர்த்தவள் அக்கா. பணிமனையில் அவருக்குச் சத்தக்காரர் என்று பெயர். நீளமான திருப்புளியின் முனையை ஓடும் எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "மூணாவது சிலிண்டர்ல தேய்மானம். பிரிச்சுப் பாருங்க" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

இந்தக் கதை அவருடைய மனைவியுடையது. அவள் மருத்துவமனைத் துணிகள் வெளுக்கும் ஆலையில் வேலை பார்த்தாள். ஈரப் படுக்கை விரிப்பின் இரண்டு மூலையை அவள் பிடிக்க, எதிரே நிற்பவள் மற்ற இரண்டு மூலையைப் பிடிக்க, சூடான உருளைக்குள் சுருக்கமில்லாமல் செலுத்த வேண்டும். நாளைக்கு எண்ணூறு விரிப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் விரல்களை மடக்க முடியாது.

அந்த அட்டையைப் பார்த்து முதல் வருஷம் அவள் சிரித்தாள். மூன்றாவது வருஷம் சிரிக்கவில்லை.

"தம்பி வீட்டுக்குன்னு எழுதினா பேனாவில மை தீர்ந்துடுமாக்கும்."

"அவ எனக்குச் சோறு ஊட்டினவடி. என்னைத் தவிர யாரையும் தெரியாது அவளுக்கு," என்பார் அவர். "நீ என்ன, ஜாடியைத் திறந்து திங்காமலா இருக்கே?"

திங்காமல் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். அப்படி ஒரு ஊறுகாயை அவளால் போட முடிந்ததில்லை. இங்கே கிடைக்கும் எலுமிச்சை பெரிதாக, மொத்தத் தோலுடன், பார்வைக்கு மட்டும் எலுமிச்சையாக இருக்கும். இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். இரண்டு தடவையும் அவர் ஒரு துண்டை வாயில் போட்டு, "பரவாயில்லையே" என்றார். அந்தச் சொல்லுக்கு ஒரு மனைவி ஜாடியைத் தூக்கி எறிந்திருக்கலாம். அவள் எறியவில்லை. தானே ஆறு மாதம் தின்று தீர்த்தாள்.

இன்னொரு சண்டையும் உண்டு. அவர் சாப்பிட்டால் சத்தம் வரும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிரித்துச் சப்புக் கொட்டுவார். விரலைச் சூப்புவார். பணிமனை உணவுக்கூடத்தில் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று இவளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். "வாயை மூடிக்கிட்டு மெல்லுங்களேன். எருமை கூடச் சத்தமில்லாம அசை போடுது," என்று அவள் இருபத்தேழு வருஷம் சொல்லிப் பார்த்தாள்.

பிறகு சத்தம் தானாகவே நின்றுபோனது.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஊசி குத்தி, நாலு மணி நேரம் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். வேலையை விட்டார். தண்ணீருக்கு அளவு. காய்கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைக்க வேண்டும். உப்பு கூடவே கூடாது. மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்ல ஒரு பெண் இருந்தாள். சின்ன வயது, பொறுமைசாலி, சிரித்த முகம். அவளுக்கு அவர் வைத்த பெயர் உப்புப் போலீஸ்.

ஒரே அடுப்பு, ஒரே சட்டி. அவருக்கு ஒன்று தனக்கு ஒன்று என்று சமைக்க அவளுக்கு மனம் வரவில்லை. உப்பு டப்பாவை அலமாரியின் உச்சியில், குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் ஏற்றிவிட்டாள். இருவருக்கும் உப்பில்லாச் சாப்பாடு. ஆலையின் உணவுக்கூடத்தில் காகிதப் பொட்டலத்தில் உப்பு வைத்திருப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒன்றைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டி நக்குவாள். வீட்டுக்குக் கிளம்புமுன் இரண்டு தடவை வாயைக் கொப்பளிப்பாள், கள் குடித்துவிட்டு வருகிறவள் மாதிரி.

முதல் மூன்று மாதம் அவர் சமாளித்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார ஆரம்பித்தார்.

"ஒரு வாய் சாப்பிடுங்க."

"ஈர அட்டையை மெல்ற மாதிரி இருக்குடி."

"நானும் அதைத்தானே சாப்பிடுறேன்?"

"உன்னை யாரு சாப்பிடச் சொன்னா? நீ போய் நல்லாச் சாப்பிடு. நான் செத்தா போயிடுவேன்?"

அவள் தன் தட்டையும் மூடி வைத்தாள்.

கன்னம் ஒட்டிற்று. தோள் எலும்பு சட்டையைத் தூக்கிக் காட்டியது. உப்புப் போலீஸ் எடை பார்த்தாள், மறுவாரமும் பார்த்தாள், மூன்றாவது வாரம் சிரிக்கவில்லை. அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு இவளிடம் சொன்னாள்: உடம்பின் சதையே கரைந்துகொண்டிருக்கிறது. இரண்டு வாரம் பார்ப்போம். தானாகச் சாப்பிடாவிட்டால் உள்ளே சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் கேட்டார். "என்ன சொல்றா?"

அவள் மறைக்கவில்லை. சொன்னாள்.

"குழாய் போட்டா நான் திரும்பி வரமாட்டேன்," என்றார். பணிமனையில் வண்ணம் அடிக்கிறவர் அப்படித்தான் உள்ளே போனார். இவர்தான் தினமும் போய்ப் பார்த்தார். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று கடைசி வரை அந்த மனிதரின் கைகளைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். "அந்தக் கட்டு எனக்கு வேணாம். சொல்லிட்டேன்."

மறுநாள் அவள் ஊரிலிருந்த அக்காவுக்குப் போன் போட்டாள். அவளுக்கு அவர் அண்ணி. பெட்டிக்காரர் அப்போது ஊரில் இருந்தார். பொட்டலம் கட்டும் நேரம்.

"அண்ணி, இந்தத் தடவை ஊறுகாய் வேணாம். உப்பு கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க."



"யாரு சொன்னா?"

"ஆஸ்பத்திரியில."

"ஆஸ்பத்திரியில சொன்னாங்களா, நீ சொல்றியா?"

"நான் எதுக்கு அண்ணி சொல்லப்போறேன்?"

"எனக்கென்ன தெரியும்? இருபத்தேழு வருஷமா என் ஜாடி வந்தா உன் முகம் எப்படிப் போகுதுன்னு அவன் சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். இப்ப உனக்கு ஒரு சாக்கு கிடைச்சிருக்கு. என் தம்பி நாக்கை வெட்டி டாக்டர் கையில குடுத்துட்டே."

"அவர் சாப்பிடவே மாட்டேங்கிறார் அண்ணி. எலும்பும் தோலுமா ஆயிட்டார்."

போன் வைக்கப்பட்டது.

நாலு நாள் கழித்து அண்ணியே கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது. விடுதிப் பிள்ளைகளை அதட்டிய குரல் இல்லை.

"சாப்பிடுறானா?"

"இல்லை அண்ணி."

"நான் போட்டுட்டேன். பெட்டிக்காரர்கிட்ட குடுத்தாச்சு. ஒரு கல் உப்பு போடலை. பழத்தை வேகவச்சு, காரம் போட்டு, நல்லெண்ணெயைக் காய்ச்சி மேல ரெண்டு விரல் நிக்கிற மாதிரி ஊத்தியிருக்கேன். எண்ணெய் காப்பாத்தும். அவனுக்குக் குடு. அவன்கிட்ட போனைக் குடு."

இந்த இடத்தில்தான் அவள் அதைச் செய்தாள். செய்தாள் என்று சொல்வதுகூடத் தவறு. செய்யாமல் விட்டாள்.

உப்பில்லாமல் வேகவைத்த எலுமிச்சை, மெழுகு வைத்து மூடிய ஜாடியில், வெயில் காலத்தில், பெட்டிக்குள் நெருக்குண்டு வரும் பயணத்தைத் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். சமையல் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஜாடியில் ஈரக் கரண்டியை விட்டதற்காகக் கல்யாணமான மறுமாதமே தன்னை ஊர் கேட்கத் திட்டிய அந்த அண்ணிக்கும் தெரியாதா? பாசத்தில் புத்தி பிசகிவிட்டது. 'அண்ணி, கெட்டுப்போயிடும்' என்று இரண்டே சொல் சொன்னால் போதும். சொல்ல வாயெடுத்தாள். அப்போது மனசுக்குள் அந்த அட்டைத்துண்டு ஆடியது. ஒரு தடவையாவது அந்தக் கைக்குத் தப்பு நேரட்டுமே. வாயை மூடிக்கொண்டு போனை அவரிடம் நீட்டினாள்.

அவர் பேசினார். பேசப் பேச முதுகு நிமிர்ந்தது.

"உப்பே இல்லாமயா? எப்படிக்கா?... சரி... சரி... உன் ஊறுகாய் வரட்டும். சாப்பிடுறேன். சத்தியமாச் சாப்பிடுறேன்."

போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். மாதக்கணக்கில் அவள் பார்க்காத சிரிப்பு. "பாத்தியா? உப்புப் போலீசுக்கே டிமிக்கி குடுத்துட்டா எங்க அக்கா."

அப்போதும் அவள் சொல்லியிருக்கலாம். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

அடுத்த ஆறு நாள் அவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தபடி இருந்தார். வெயில் கட்டடத்துச் சுவரைப் பிளந்தது. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் தார் இளகி நாறியது. "இன்னிக்கு விமானம் ஏறியிருப்பார்," "இந்நேரம் பாதி வழி," என்று பெட்டிக்காரருக்கு வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் சாப்பிடவில்லை. ஊறுகாய் வரட்டும் என்று எல்லா வேளையையும் தள்ளிப்போட்டார். ஆலையில் அவள் விரிப்பின் மூலையைத் தவறவிட்டாள். எதிரே நின்றவள் தன் மொழியில் திட்டினாள். சரியாகத்தான் திட்டுகிறாள் என்று இவளுக்குத் தோன்றியது.

பெட்டிக்காரர் ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு வந்தார். வழக்கமாகக் கதவு திறக்குமுன்பே, "தங்கச்சி, காபி!" என்று குரல் கொடுப்பவர், அன்று மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். கையில் பெட்டியோ பையோ இல்லை. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி.

வாசலிலேயே குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, என்னை வையாதே."

"என்னண்ணே?"

"வெடிச்சுடுச்சு. விமானத்துக்குள்ளயே வெடிச்சிருக்கும்போல. பெட்டியைத் திறந்தா என் மருமகனுக்கு எடுத்த பட்டு வேட்டி மஞ்சள் குளிச்சு உக்காந்திருக்கு. அஞ்சு வீட்டுப் பொடி நாசம். மேல வீட்டுக்காரம்மா என்னைக் கொலை பண்ணாத குறை. மூடி ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு, மேல பஞ்சு மாதிரி பூத்துக் கிடக்கு. நான்தான் மறுபடி இறுக்கித் திருகினேன். பாதி இன்னும் உள்ள இருக்கு. கொட்டவும் மனசு வரலை. அந்த அக்கா என் கையைப் பிடிச்சு, ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடுத்துச்சு."

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? நீயே பாத்துக்க. காபி வேணாம்." போகிற போக்கில் முணுமுணுத்தார்: "உப்புப் போட மறந்துட்டாங்களோ என்னமோ. அந்தக் கைக்கா மறதி?"

வாளியோடு அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வேட்டித் துணி ஊறிப்போய் மஞ்சளாக இருந்தது. அட்டைத்துண்டு எண்ணெயில் நனைந்து கண்ணாடி போலாகி, எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பக்கம் மெழுகு இன்னும் பிடித்திருந்தது. மூடியைத் திருகினாள். உஸ் என்று ஒரு சத்தம். புளித்த வாடை மூக்கைத் துளைத்தது.

"ஏய்."

கதவுக்கு வெளியே அவர் நின்றிருந்தார்.

"கையைக் கழுவுறேங்க."

"கழுவு. அது என்ன உஸ்னுச்சு?"

அவள் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"காத்து அடைச்ச சத்தம்டி அது. மூடிக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு. எனக்குத் தெரியாத சத்தமா? கதவைத் திற."

திறந்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஜாடிக்குள் பார்த்தார். மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் மெத்தை போல விரிந்திருந்தது. அதற்குக் கீழே அக்காவின் கைவாகு தெரிந்தது. ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு.

"உப்பில்லாம எப்படி நிக்கும்?" என்று தனக்குத்தானே கேட்டார். பிறகு அவளைப் பார்த்தார். "இது நிக்காதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"தெரியும்."

"எப்பத்திலிருந்து?"

"அண்ணி சொன்ன அன்னிக்கே."

"ஏன் சொல்லலை?"

அவள் அந்த அட்டையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். எண்ணெய் சொட்டியது. இருபத்தேழு வருஷ மனத்தாங்கல் அந்த ஈர அட்டையில் எவ்வளவு அற்பமாகத் தொங்குகிறது என்று அவளுக்கு உடம்பு கூசிற்று.

"நீயும் சேர்ந்து என்னைப் பட்டினி போட்டுட்டியேடி," என்றார். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சமையலறையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவள் குளியலறைத் தரையிலேயே ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இனி எதைச் சொல்லி அந்த மனிதரைத் தட்டுக்கு முன்னால் உட்கார வைப்பது? உப்புப் போலீஸ் சொன்ன கெடுவுக்கு மூன்று நாள் இருந்தது.

போன் அடித்தது.

ஊரில் விளக்கு வைக்கும் நேரம். அண்ணியிடம் இருந்தது பட்டன் போன். கண்ணில் புரை. படம் பார்த்துப் பேசுவதெல்லாம் அவளுக்கு ஒத்துவராது. அவர்தான் எடுத்தார். அக்கா பேசினால் அறை முழுக்கக் கேட்கும்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சுக்கா."

"பிரிச்சியா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் வாசற்படியில் ஈரக் கையோடு நின்றாள். சொல்லட்டும், எல்லாவற்றையும் சொல்லட்டும் என்று நின்றாள்.

"பிரிச்சுட்டேன்க்கா."

"எப்படி இருக்கு? கெட்டுப் போயிடலையே? நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்லைடா. உப்பில்லாம போட்டது இதான் முதல் தடவை. கை தானா உப்பு டப்பாவுக்குப் போச்சு."

"நல்லா இருக்குக்கா," என்றார் அவர். "அப்படியே இருக்கு."

"சாப்பிட்டியா?"

"இனிமேத்தான்."

"இப்பச் சாப்பிடு. போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சாப்பிடு. நான் கேக்கணும்."

"என்னத்தக்கா கேப்பே?"

"நீ சாப்பிட்டா தெரு முக்கு வரைக்கும் கேக்குமேடா. அதுக்காகவே எத்தனை நாள் உன் முதுகுல வச்சிருக்கேன். அந்தச் சத்தம் எனக்கு வேணும். வை போனை மேசையில."

அவர் போனை மேசையில் வைத்தார். மனைவியைப் பார்த்துக் கையை நீட்டித் தட்டைக் காட்டினார். அவள் ஓடிப்போய் வெறுஞ்சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். வேகவைத்து வடித்த, சப்பென்ற இரண்டு காய்த்துண்டு ஓரத்தில். அவர் ஒரு கவளம் உருட்டினார். இல்லாத ஊறுகாயைத் தொடுவது போல விரல் நுனியைத் தட்டின் ஓரத்தில் ஒரு தடவை ஒற்றினார். வாயில் போட்டார். மென்றார். பிறகு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிரித்து, சப்பென்று ஒரு சத்தம் கொட்டினார்.

போனுக்குள் அக்கா சிரித்தாள். "அதான்! அதான்டா! உறைக்குதா?"

"உறைக்குது."

"உப்பில்லாதது தெரியுதா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இல்லைக்கா. அளவா இருக்கு."

அன்று தட்டுக் காலியாயிற்று. விரலைக்கூடச் சூப்பினார். மனைவி சுவரில் சாய்ந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

போனை வைத்த பிறகு அவளிடம் சொன்னார்: "அவளுக்குத் தெரியக் கூடாது. உன் பங்குக்கு நீயும் வாயை மூடு. மூடிப் பழக்கம்தானே உனக்கு." குத்திச் சொன்னார். ஆனால் சொன்னதோடு, தட்டை நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

அதிலிருந்து தினமும் மதியம் போன் வரும். இயந்திர நாட்களில் ஆஸ்பத்திரிக்கே வரும். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரிப்பார்கள். உப்புப் போலீஸுக்கு விஷயத்தை மனைவி விளக்கினாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள். குழாய்ப் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. எடை மெல்ல ஏறியது.

பொய்க்கும் ஒரு விலை உண்டல்லவா. தம்பி பாராட்டிவிட்டான் என்று அக்கா மறுபடி உப்பில்லாமல் போட்டாள். பெட்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, அங்கேயே எங்கயாச்சும் கொட்டிட்டு வெறும் ஜாடியைக் கொண்டாந்துடவா? புண்ணியமாப் போகும்."

"வேணாம்ணே. அப்படியே கொண்டாங்க. அவர் பாக்கணும்."

"எட்டு பாலித்தீன் சுத்தி, அதுக்கு மேல ஒரு ரப்பர் பை போட்டு, குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி கெட்டுப்போன ஊறுகாயைத் தூக்கிட்டு வர்றேன். எனக்கு இந்த ஜென்மத்துல மோட்சம்தான் போ."

மொத்தம் மூன்று ஜாடிகள் அப்படி வந்தன. ஒவ்வொன்றையும் அவர் ஒரு தடவை திறக்கச் சொல்லி, பார்த்து, மூடச் சொல்வார். பிறகு அவள் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு ஜாடியைக் கழுவிக் கவிழ்ப்பாள். அட்டைகளை மட்டும் ஏனோ அவள் எறியவில்லை.

பதினாறு மாதம் அப்படி ஓடிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இயந்திரத்தில் இருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது. அவள் அப்போது ஆலையில் விரிப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளர் வந்து தோளைத் தொட்டார். எதிரே நின்றவள் தன் பக்கத்து மூலைகளை விடாமல் பிடித்தபடியே அழுதாள்.

அண்ணியால் பயணம் செய்ய முடியவில்லை. போனில்தான் எல்லாம். போனிலேயே அலறினாள், போனிலேயே ஓய்ந்தாள். "கடைசியாச் சாப்பிட்டானா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். சாப்பிட்டார் என்று இவள் சொன்னாள். அது உண்மை. முந்தின நாள் மதியம் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன் பிறகு போன் வரவில்லை. மதியம் ஆனால் இவள் மேசையைப் பார்ப்பாள். வேலைக்குத் திரும்பினாள். உப்பில்லாமலே சமைத்தாள். டப்பாவை இறக்க வேண்டும் என்று நினைப்பாள். நாற்காலி போட்டு ஏற வேண்டும், போர்வைகளை விலக்க வேண்டும் என்று விட்டுவிடுவாள். பாதி நாள் அடுப்பே பற்றவைக்கவில்லை. உடுத்துகிற துணி எல்லாம் தொளதொளத்தது. ஆலையில் இடுப்புப்பட்டியில் புதுத் துளை போட்டுக்கொண்டாள்.

ஐந்து மாதம் கழித்து பெட்டிக்காரர் வந்தார். பகல் வேளை. பேசாமல் பொட்டலத்தை மேசையில் வைத்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, பாதியாயிட்டே?"

"அண்ணிக்கு எதுவும் சொல்லிடாதீங்கண்ணே."

"நான் போன வாரமே சொல்லிட்டேன். நீ கோவிச்சாலும் சரி. ஏழாவது மாடிக்காரம்மா என்கிட்ட சொன்னாங்க, நான் அந்த அக்காகிட்ட சொன்னேன்." எழுந்துகொண்டார். "இந்தத் தடவை ஒரே ஒரு பாலித்தீன்தான். வழியில ஒண்ணும் ஆகலை."

அவர் போன பிறகு அவள் தையலைப் பிரித்தாள். நூல் முனையில் அட்டை தொங்கியது. பழக்கத்தில் 'தம்பிக்கு' என்று எழுதி, பிறகு குறுக்கே இரண்டு கோடு போட்டு அடித்திருந்தது. வேறு பெயர் எழுதவில்லை. கீழே, புரை விழுந்த கண்ணோடு எழுதிய கோணல் எழுத்தில் ஒரு வரி: 'உப்பு போட்டிருக்கு.'

மூடியைத் திருகினாள். சத்தமில்லாமல் திறந்தது.

மேசையில் போன் அடித்தது.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு அண்ணி."

"பிரிச்சியா?"

"பிரிச்சுட்டேன்." சொல்லிவிட வேண்டும் என்று பதினாறு மாதமும் ஐந்து மாதமும் சேர்ந்து நெஞ்சை அழுத்தின. "அண்ணி, அந்த மூணு ஜாடியும்..."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? சோறு இருக்கா?"

"காலையில வச்சது இருக்கு."

"போட்டுக்க. போனைப் பக்கத்துல வை."

அவள் ஆறிய சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், அவர் உட்காரும் நாற்காலியில். ஈரமில்லாத கரண்டியால் ஒரு துண்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். ஒரு கவளம் எடுத்து, ஊறுகாயைத் தொட்டு, வாயில் வைத்தாள். உப்பு நாக்கில் பட்டதும் தாடையெல்லாம் வலித்தது.

"என்னம்மா, ஒண்ணும் கேக்கலையே? சாப்பிடுறியா, இல்லை சாப்பிடுறேன்னு சொல்றியா?"

வாயை மூடித்தான் அவள் மென்றுகொண்டிருந்தாள். அப்படித்தான் அவளுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் மேசை மேலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு அடுத்த கவளத்தைப் போட்டுக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிரித்து, சப்புக் கொட்டினாள். முதல் தடவை சரியாக வரவில்லை. மறுபடி கொட்டினாள்.

அந்தப் பக்கம் அண்ணி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்க," என்றாள். "நான் போனை வைக்கமாட்டேன்."